கொழும்புக்கு வேலைக்கு விடுறது: சட்டம் எங்கே கடுமையாக வேண்டும்?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிறுவர் பாலியல் சுரண்டலுக்கும் ஆட்கடத்தலுக்கும் எதிரா சட்டத்தைக் கடுமையாக்கணும்னு கையெழுத்து சேர்க்கிறாங்க. நானும் போட்டேன். ஆனா சட்டம் ஏற்கனவே இருக்குதானே? தூக்குல போட்டாத்தான் இது அடங்கும்னு எங்க தலைவர் சொல்றார். இன்னொண்ணு, என் வகுப்புல 14 வயசுப் பிள்ளை ஒண்ணை, தீபாவளி முடிஞ்ச கையோட கொழும்புல வீட்டு வேலைக்கு விடப் போறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பயணம். தடுக்கிறதுக்கு சட்டத்துல வழி இருக்கா?"

டீச்சர், இரண்டாவது கேள்விதான் அவசரம். நேரமில்லையென்றால் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள், மற்றதைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

தூக்குப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். நீதிமன்றங்கள் அதற்குப் பிறகும் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, கயிறு மட்டும் இறங்குவதில்லை. அது சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சட்டத்தரணியாக நிற்கிறேன். என்னிடம் வந்த சிறுவர் வழக்குகளில் முன்பின் தெரியாதவன் செய்தது மிகக் குறைவு. சித்தப்பா, பக்கத்துக் காம்பராக்காரர் (அடுத்த அறையில் இருப்பவர்), அம்மா வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர், இப்படித்தான். பிள்ளை வாயைத் திறந்தால் மாமாவுக்குக் கயிறு என்று ஆகிவிட்டால் அந்த லயமே, வரிசையாக ஒட்டி நிற்கும் தோட்ட வீடுகள் அத்தனையும், சேர்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தும். இப்போதே எத்தனையோ முறைப்பாடுகள் பொலிஸ் வாசலை மிதிப்பதற்கு முன்னமே யாரோ ஒரு பெரியவர் வீட்டில் "பேசித் தீர்த்து" முடிக்கப்படுகின்றன. உங்கள் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள், அவரே எத்தனை பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பார் என்று.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நம்முடைய தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. 1995 வரைக்கும் அதில் ஒரு பெண்பிள்ளை சம்மதம் கொடுக்கக்கூடிய வயது 12. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் நிலைமை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதை 16 ஆக்கியது. தெற்குக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்காகச் சிறுவர்கள் சுரண்டப்பட்டது பெரிய பேச்சாக இருந்த காலம் அது. சிறுவர் பாலியல் சுரண்டல் என்றொரு தனிக் குற்றமும், 360ஆ பிரிவு, அப்போதுதான் வந்தது. 18 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும் அது பொருந்தும். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பணமும் பொருளும் கொடுத்து அந்தக் காரியத்துக்கு இணங்க வைப்பவனும் அதில் மாட்டுவான். 5 வருடத்திலிருந்து 20 வருடம் வரை சிறை. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. முதல் தலைவர் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா. 2006இல் ஆட்கடத்தல் பிரிவைத் திருத்தி விரிவாக எழுதினார்கள். ஆளைச் சேர்ப்பது, ஏற்றிக்கொண்டு போவது, கைமாற்றுவது, வைத்திருப்பது, பொறுப்பேற்பது எல்லாம் அதற்குள் வரும். பிள்ளை என்றால் சம்மதம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. குறைந்தது 3 வருடம், கூடியது 20.

கடதாசியில் பார்த்தால் மோசமில்லை. நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆனால் தண்டனையின் வருடக் கணக்கைக் கூட்டுவதற்காக இல்லை. அந்தச் சட்டம் எங்கள் மலைக்கு ஏறி வரும்போது எங்கெங்கே வழுக்குகிறது என்று தினமும் பார்க்கிறவன் என்பதால்.

முதல் வழுக்கல் தரகர். நம் பக்கம் தரகர் என்றால் மீசை முறுக்கிய ஆள் ஒருத்தர் வேன் கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் அது ஒரு அக்கா. அதே டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) பிறந்து, கொழும்பில் வாழ்க்கைப்பட்டுப்போன அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரும். கையில் பிஸ்கட் பெட்டியும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் இருக்கும். அம்மா கொழுந்துக்குப் போன கைவிரல் கறுப்போடு பிளேன்டீ ஊற்றிக் கொடுக்கும். பேச்சு கடனில் தொடங்கும். கடையில் எவ்வளவு, அடகில் எவ்வளவு, செத்த வீட்டுக்கு வாங்கியது எவ்வளவு என்று அந்த அக்காவுக்கு எல்லாக் கணக்கும் மனப்பாடம். பிறகு, "நல்ல குடும்பம், படிக்கவும் வைப்பாங்க" என்ற ஒரு வசனம். போகும்போது கொஞ்சப் பணத்தை அம்மா கையில் வைத்து மூடிவிட்டுப் போகும். அதற்குப் பெயர் அட்வான்ஸ். அந்த அக்கா கொழும்பில் மாதாமாதம் என்ன வாங்குகிறது என்று லயத்தில் யாருக்கும் தெரியாது.

பிறகு ஏதாவது நடந்தால் அந்த அக்காவின் வாக்குமூலம் எப்போதும் ஒன்றுதான்: "நான் வேலைக்குத்தான் விட்டேன். உள்ளுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது." ஆட்கடத்தல் என்று காட்டுவதற்கு, சுரண்டும் நோக்கத்தோடுதான் பிள்ளையைக் கொண்டுபோனார் என்று அரச தரப்பு நிரூபிக்க வேண்டும். அந்த ஒரு வரி அந்த நோக்கத்தை மூடி மறைத்துவிடும். அதனால் பொலிஸ்காரர்கள் பல நேரம் ஆட்கடத்தலை விட்டுவிட்டு நிரூபிக்கச் சுலபமான வேறு பிரிவில் குற்றம் சாட்டுகிறார்கள், அல்லது தரகரைச் சாட்சியாக்கிவிடுகிறார்கள்.

2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். நல்லது. அதே வருடம் ஜூலையில்தான், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தது. ஒரு முன்னாள் அமைச்சரின் வீடு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஆட்கள் ரோட்டில் இறங்கினார்கள், ஒரு மாதம் நாடே பேசியது. பிறகு? லயத்துக்கு அக்காமார் வருவது நிற்கவில்லை. ஒரு தொழிற்சாலைக்குள் போவது மாதிரி ஒரு வீட்டுக்குள் தொழில் அதிகாரி சும்மா நுழைந்துவிட முடியாது. மதிலுக்கு உள்ளே சட்டத்தின் கை நீளாதென்றால், மதிலுக்கு வெளியே நிற்கிறவரையாவது பிடிக்க வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தரகுப் பணத்துக்காக இன்னொருவர் வீட்டில் தங்கி வேலை செய்யக் கொண்டுபோய் விட்டாலே அது குற்றம், அங்கே பிறகு என்ன நடந்தது என்பது அதற்கு மேலே தனிக் குற்றம் என்று எழுதினால் அந்த அக்கா பிஸ்கட் பெட்டியோடு வர யோசிக்கும். நான் கேட்கும் கடுமை முதலில் இது.

அடுத்தது மொழி. இதைப் பற்றிக் கொழும்பில் யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழும் அரச கரும மொழிதான், 1987இலிருந்து. ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றத்தின் வேலை சிங்களத்தில் நடக்கிறது. பொலிஸில் எடுக்கும் வாக்குமூலமும் அநேகமாகச் சிங்களத்தில்தான் எழுதப்படும். பிள்ளை தமிழில் சொல்லும், யாராவது ஒருவர் மாற்றிச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார், பிள்ளை கீழே கையெழுத்து வைக்கும்.

ஒரு வழக்கு. ஊரையும் காலத்தையும் சொல்லமாட்டேன். பத்து வயதுப் பிள்ளை. பொலிஸில் அது சொன்னது, "அந்த மாமா என் மேல கை வச்சாரு." நமக்கு அந்தச் சொல் எதைச் சுட்டுகிறது என்று, சொன்ன குரலிலேயே விளங்கும். மொழி மாற்றியவர் அதை "அடித்தார்" என்று சொல்லியிருக்கிறார். அப்படியே ஏறிவிட்டது. நாலு வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் பிள்ளை நடந்ததை நடந்தபடி சொன்னபோது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து நிதானமாகக் கேட்டார்: "பொலிஸில் அடித்தார் என்றுதானே சொன்னாய்? இந்தக் கதையை உனக்கு யார் சொல்லித் தந்தது?" பிள்ளைக்குக் கேள்வியே புரியவில்லை. அது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பாதிக்கப்பட்டவர் சார்பில் ஓரமாக நின்ற ஆள், குறுக்கே பேச முடியாது. அந்த வழக்கு கடைசியில் தப்பியது, ஆனால் வேறு சாட்சியம் இருந்ததால்தான் தப்பியது.

இதற்கு மருந்து சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க இடம் கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான 2015இன் சட்டமும் அதற்குப் பதிலாக வந்த 2023இன் 10ஆம் இலக்கச் சட்டமும், வேறோர் இடத்தில் இருந்துகொண்டே காணொளி வழியாகச் சாட்சி சொல்ல விடுகின்றன. அதெல்லாம் "செய்யலாம்" என்று இருக்கிறது. "செய்ய வேண்டும், பிள்ளையின் மொழியில் செய்ய வேண்டும்" என்று மாற வேண்டும். பிள்ளை சொன்ன தமிழ் சொல் தமிழாகவே பதிவில் இருந்தால் "கை வச்சாரு" யாருடைய வாயிலும் "அடித்தார்" ஆகாது.

காலம் இன்னொரு சிக்கல். சிறுவர் வழக்குகளுக்கு நீதிமன்றங்கள் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 1998இலேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யக் கோப்பு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரிடம் போக வேண்டும். பிள்ளையும் கொழும்புக்குப் போகிறது, கோப்பும் கொழும்புக்குப் போகிறது, இரண்டும் எப்போது திரும்பி வரும் என்று யாரும் சொல்வதில்லை. இதற்கிடையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பிணையில் வந்து அதே லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்க, இருப்பார். பிள்ளையைத்தான் எங்கோ தூரத்தில் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பள்ளிக்கூடம் போச்சு, கூட்டாளிகள் போச்சு. தப்பு செய்தவர் ஊரில் இருக்க, பட்ட பிள்ளை ஊரைவிட்டுப் போவதை வெறும் நடைமுறை என்று விட்டுவிடக்கூடாது. பிணை நிபந்தனையிலேயே எதிரி அந்த டிவிஷனுக்குள் வரக்கூடாது என்பது வழமையாக இருக்க வேண்டும். சில நீதவான்கள் போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை.

இதைவிட மோசம் 20 வருடக் கணக்கு. கொலைக்கும் அரசத் துரோகத்துக்கும்தான் காலவரம்பு இல்லை. மற்றக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம் தாண்டினால் வழக்கே போட முடியாது. ஏழு வயதில் பட்டது 27 வயதோடு முடிந்துவிடும். தனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சிலருக்குத் தன் மகளுக்கு ஏழு வயதாகும்போதுதான் தெரிகிறது. அப்படி என்னிடம் வந்து, கதவை மூடச் சொல்லிவிட்டுப் பேசிய பெண்களுக்கு "நேரம் முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு இந்தக் கணக்கு 18 வயதிலிருந்தாவது தொடங்க வேண்டும். எடுத்துவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குறைந்தபட்சத் தண்டனை பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை உண்டு, அதனால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு வைத்தால், சம்மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது 10 வருடம் என்று சட்டம் இருந்தது. 2008இல் உயர் நீதிமன்றம், அப்படி நீதிபதியின் கையைக் கட்டிவைப்பது அரசியலமைப்புக்கு முரண், வழக்கைப் பார்த்துக் குறைக்கலாம் என்று சொன்னது. நம் தோட்டங்களில் 15 வயதுப் பிள்ளையும் 18 வயதுப் பையனும் ஓடிப்போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருவது எத்தனை தடவை நடக்கிறது? அந்தப் பையனுக்கு 10 வருடம் என்றால் அது அநியாயம். அந்த அளவுக்கு அந்தத் தீர்ப்பு சரி. ஆனால் அந்தப் பையனுக்காகத் திறந்த கதவு வழியாக 45 வயது ஆள்களும் சிறைக்குப் போகாமலே, ஒத்திவைத்த தண்டனையோடு வெளியே வருகிறார்கள். வயது வித்தியாசம் சின்னதாக, வற்புறுத்தல் இல்லாமல் இருந்த வழக்குகளைச் சட்டமே தனியாகப் பிரித்து எழுதிவிட்டு, மற்றவர்களுக்கு அந்தக் கதவை அடைக்கலாம். கடுமையைக் கேட்கிறவர்கள் இந்தப் பிரிப்பையும் சேர்த்துக் கேட்காவிட்டால் புதுச் சட்டமும் திரும்பவும் நீதிமன்றத்தில் அடி வாங்கும்.

கடுமை என்ற பெயரில் வரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். 2013இல் வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக்கூடாது. பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் என்றார்கள். கடன் நிற்குமா? பெண்கள் பதிவில்லாமல் விசிட் விசாவில் போனார்கள், சப் ஏஜென்ட்மார் கொழுத்தார்கள். 2022இல் ஓமானில் மாட்டிக்கொண்ட நம் நாட்டுப் பெண்களின் கதை வெளியே வந்தது, அவர்களும் விசிட் விசாவில் போனவர்கள்தான். அதேபோல 1841இல் வந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். விபச்சாரம் என்று ரெய்ட் போன இடத்தில் பிடிபட்ட பெண்களை, அவர்களை அங்கே கொண்டுவந்தது யார் என்று கேட்காமலே, அந்தச் சட்டத்தில் நிறுத்திவிடுவது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. கடத்தப்பட்டவருக்கு, கடத்தலின் விளைவாகச் செய்த எதற்கும் தண்டனை இல்லை என்று தெளிவாக ஒரு வரி எழுத வேண்டும்.

ஃபோன் விஷயம் சுருக்கமாக. பிள்ளைகளின் ஆபாசப் படங்களை எடுப்பது, வைத்திருப்பது, பரப்புவது 1995இலிருந்தே குற்றம். கோபத்தில் "இந்த நாயைப் பிடிக்கும் வரை பகிருங்கள்" என்று அப்படியொரு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரும் அதே பிரிவில்தான் வருவார். உங்கள் பாடசாலை குரூப்பில் இதைச் சொல்லி வையுங்கள். வந்ததைப் பொலிஸில் காட்டுங்கள், இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் மாணவி.

14 வயது. 5 முதல் 16 வரை கட்டாயக் கல்வி, 2016இலிருந்து அப்படித்தான். வேலைக்கு அமர்த்தும் வயதும் 16. ஆகவே வெள்ளிக்கிழமைப் பயணம் இரண்டு சட்டத்துக்கு எதிரானது, கொழும்பில் ஒன்றும் நடக்காவிட்டாலும்கூட. முதலில் அம்மாவைப் பாருங்கள், பொலிஸ் என்ற சொல்லை எடுக்காமல். அட்வான்ஸ் வாங்கியாயிற்றா, எவ்வளவு என்று கேளுங்கள். "காசை வாங்கிட்டு பிள்ளையை அனுப்பாட்டி கேஸ் போடுவேன்" என்று தரகர் மிரட்டியிருக்கலாம். அப்படி ஒரு கேஸ் கிடையாது. கடனுக்காக ஆளைப் பிடித்து வேலை வாங்குவதுதான் குற்றம், 2006 திருத்தத்திலேயே இருக்கிறது. இதை அம்மாவுக்குப் புரியும்படி சொன்னாலே எத்தனையோ பயணம் நின்றிருக்கிறது. கொண்டுபோகிறவரின் பெயர், ஃபோன் நம்பர், கொழும்பில் எந்தப் பகுதி என்பதை நைசாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

அதே நாள் அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. அந்தக் கடிதத்தின் பிரதியோடு பிரதேச செயலகத்துக்குப் போய் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவர் களத்தில் என்றால் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் இருப்பார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரோடு பேச அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, கடன் பிரச்சினைக்கு ஏதாவது உதவித் திட்டத்தில் சேர்க்கவும் அவர்களால் முடியும். இரண்டு பேருமே இல்லையென்று திருப்பி அனுப்பினால் வாசலில் நின்றே 1929க்கு எடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 24 மணி நேர இலக்கம், தமிழில் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்லாமலும் முறைப்பாடு கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வைக்காதீர்கள்.

பஸ் வெள்ளி விடியற்காலையில் என்றால், புதன்கிழமைக்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். வியாழன் இரவும் பை கட்டியபடி இருந்தால் 119க்கு எடுத்து, பஸ் எத்தனை மணிக்கு, எந்தத் தரிப்பிடத்தில் நிற்கும் என்று சொல்லுங்கள்.